ஆட்டை நாயாக்கும் வித்தை

என்னிடம் கேட்கப்பட்டவை மூன்று. பிரசார உத்திகளை எப்படி அடையாளம் காண்பது? நன்றாகப் படித்தவர்கள்கூட அவற்றில் எப்படி விழுகிறார்கள்? நல்ல நோக்கத்துக்காகச் செய்தால் அதிலும் தவறு உண்டா? நடுவில் இருப்பதிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரியாமல் முதல் கேள்விக்கான பதிலை மனப்பாடம் செய்து பயனில்லை.

படித்தவர்கள் விழுவதற்கு முதல் காரணம், தாங்கள் விழமாட்டோம் என்ற எண்ணம். ஒரு பிரசாரச் செய்தியைக் காட்டி "இது யாரை மாற்றும்?" என்று கேட்டுப் பாருங்கள். "என்னை அவ்வளவாக மாற்றாது, மற்றவர்களை மாற்றிவிடும்" என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். டேவிசன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் இதற்கு 'மூன்றாம் நபர் விளைவு' என்று பெயர் வைத்தார். எல்லோரும் இப்படியே சொன்னால் அந்த மற்றவர்கள் யார்? கேட்ட நீங்களும் பதில் எழுதும் நானும்தான்.

இரண்டாவது காரணம், பிரசாரம் என்றாலே பொய் என்று நினைத்துக்கொள்வது. பொய்யை மட்டும் தேடிக்கொண்டிருப்பவர், உண்மைகளாலேயே கட்டப்பட்ட பிரசாரம் கண்ணெதிரே நடந்து போனாலும் வழிவிட்டு நிற்பார். தேர்ந்த பிரசாரகர் முடிந்தவரை பொய்யைத் தவிர்ப்பார். பிடிபட்டால் முதலுக்கே மோசம் அல்லவா? வேண்டியதை எடுத்து, வேண்டாததை விட்டு, தனக்கேற்ற வரிசையில் அடுக்குவதுதான் அவருடைய தொழில். ஆகவே 'இது உண்மையா?' என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. எதை விட்டிருக்கிறார்கள்? இது ஏன் இப்போது என்னிடம் வருகிறது? படித்து முடித்ததும் நான் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? இவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

'புரோபகாண்டா' என்ற சொல், 1622இல் போப் பதினைந்தாம் கிரகோரி தொடங்கிய சமயப் பரப்புச் சபையின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. பரப்புதல் என்பதற்கு மேல் அன்று அதில் கெட்ட வாடை எதுவும் இல்லை. அந்த வாடை பெருமளவும் முதல் உலகப் போரில் ஏறியது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஜார்ஜ் கிரீல் என்ற பத்திரிகையாளர் தலைமையில் ஓர் அரசுக் குழு அமைந்தது. அதன்கீழ் சுமார் 75,000 தன்னார்வப் பேச்சாளர்கள் இயங்கினார்கள். திரையரங்கில் படச்சுருள் மாற்றும் இடைவேளையில் எழுந்து நின்று நான்கு நிமிடம் போருக்கு ஆதரவாகப் பேசுவது அவர்கள் வேலை. அவர்கள் தலைநகரிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் அல்லர். அந்தந்த ஊரின் வழக்கறிஞர், வணிகர், ஆசிரியர் போன்றவர்கள். குறிப்புகள் மேலிடத்திலிருந்து வந்தன, குரல் மட்டும் தெரிந்தவருடையது. இன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பும் செய்திக்கு இருக்கும் வலிமை இதே வகையைச் சேர்ந்தது. எழுதியவர் யாரோ, கொண்டுவந்து கொடுப்பவர் நாம் வணங்கும் மனிதர்.

போர் முடிந்த பிறகு இந்தக் கலை கடைத்தெருவுக்கு வந்தது. சிக்மண்ட் ஃபிராய்டின் உறவினரான எட்வர்ட் பெர்னேஸ் கிரீலின் குழுவில் பணியாற்றியவர். 1929இல் ஒரு சிகரெட் நிறுவனத்துக்காக, நியூயார்க்கின் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களைப் புகைபிடித்தபடி நடக்கவைத்து, அந்தச் சிகரெட்டுகளை 'விடுதலைத் தீப்பந்தங்கள்' என்ற பெயரில் பரப்பினார். பொது இடத்தில் பெண் புகைப்பது இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. பெண்ணுரிமை என்ற நியாயமான வேட்கை புகையிலை விற்பனைக்கு வண்டி இழுத்தது. மதிப்புள்ள ஒன்றின் ஒளியை மதிப்பில்லாத ஒன்றின்மேல் பாய்ச்சும் இந்த உத்தியை, கொடி, தாய், மண், அறிவியல் என்று எதை வைத்தும் செய்யலாம்.

1937இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரசார ஆய்வு நிறுவனம் ஏழு உத்திகளைப் பட்டியலிட்டது. எதிராளிக்கு இழிபெயர் சூட்டுதல், பளபளக்கும் பொதுச்சொற்கள், மேலே சொன்ன ஒளிபாய்ச்சல், பிரபலங்களின் சான்று, 'நானும் உங்களில் ஒருவன்' என்ற எளிமை வேடம், சாதகமானதை மட்டும் அடுக்குதல், 'எல்லோரும் வந்துவிட்டார்கள், நீ மட்டும் ஏன் நிற்கிறாய்' என்ற கூட்ட அழைப்பு ஆகியவை அவை. பாடநூல்களில் இன்றும் இந்த ஏழுதான் வருகின்றன. பயனுள்ள பட்டியல்தான். ஆனால் இது வேடங்களின் பட்டியல். ஏழு வேடத்தையும் அறிந்தவரிடம் எட்டாவது வேடத்தில் வருவார்கள். வேடத்துக்குப் பின்னால் ஓடும் பொறியைப் பார்ப்பது மேல்.

பொறி முழுமையாக ஓடிய ஒரு நாளைச் சொல்கிறேன். 1990 அக்டோபர் 10. குவைத்தை ஈராக் கைப்பற்றி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன் பதினைந்து வயதுக் குவைத் பெண் ஒருத்தி கண்ணீருடன் பேசினாள். மருத்துவமனையில் தொண்டராக இருந்தபோது, ஈராக்கிய வீரர்கள் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகவிட்டதைப் பார்த்ததாகச் சொன்னாள். குடும்பத்தின் பாதுகாப்புக்காக முழுப்பெயரை வெளியிடவில்லை என்றார்கள். குடியரசுத் தலைவர் புஷ் இதைப் பல மேடைகளில் சொன்னார். மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல்கூட இன்குபேட்டர் கதையை வெளியிட்டுப் பிறகு திரும்பப் பெற்றது. 1991 ஜனவரியில் செனட் சபை போருக்கு 52க்கு 47 என்ற வாக்கில் ஒப்புதல் கொடுத்தது. ஆதரித்துப் பேசியவர்களில் சிலர் இந்தக் குழந்தைகளைக் குறிப்பிட்டார்கள்.

அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது 1992இல் வெளிவந்தது. குவைத் அரசின் பணத்தில் இயங்கிய ஓர் அமைப்புக்காக ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் இந்தச் சாட்சியத்தை ஏற்பாடு செய்திருந்தது. போருக்குப் பின் நேரில் சென்று விசாரித்தவர்களுக்கு அந்தக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இன்னொரு நுணுக்கம்: அந்தக் குழு முறையான நாடாளுமன்றக் குழு அல்ல. எனவே அங்கே சத்தியப் பிரமாணம் இல்லை. பொய் சொன்னாலும் பொய்ச் சாட்சிக் குற்றம் ஆகாது. பார்ப்பவர் கண்ணுக்கோ அது நீதிமன்றம்போலவே இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஆக்கிரமிப்பு உண்மை, அதில் நடந்த கொலைகளும் சித்திரவதைகளும் உண்மை. அந்த உண்மைகளின் நடுவில் ஒரு குழந்தை படுத்திருந்தது. குழந்தை சாகிறது என்ற இடத்தில் 'நீ யார், உன்னை அழைத்து வந்தவர் யார்?' என்று கேட்பதே அநாகரிகமாகத் தோன்றும். உணர்ச்சி செய்யும் வேலை இதுதான். கேள்வியைத் தடுக்காது, கேட்பவனை வெட்கப்பட வைக்கும். ஒரு செய்தியைப் பற்றி விசாரிப்பதே பாவம் என்று மனம் கூசினால், விசாரிக்க வேண்டிய முதல் செய்தி அது.

அடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லுதல். ஆட்டைத் தோளில் சுமந்து போன அந்தணரின் கதை எல்லோருக்கும் தெரியும். வழியில் ஒருவன் "ஏன் நாயைச் சுமக்கிறீர்கள்?" என்றான். கோபப்பட்டார். சற்றுத் தள்ளி இன்னொருவன் அதையே கேட்டான். சந்தேகம் வந்தது. மூன்றாமவன் கேட்டதும் ஆட்டை இறக்கிவிட்டு ஓடினார். இந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது அந்தணரின் அசட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். எனக்கு அவர் அசடாகத் தெரியவில்லை. ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒரே விஷயத்தைச் சொன்னால் நம்புவது நியாயமான விதிதான். மூவரும் கூட்டாளிகள் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

இதே கதை உலக அளவில் நடந்திருக்கிறது. 1983 ஜூலையில் புது தில்லியிலிருந்து வெளிவந்த 'பேட்ரியட்' நாளிதழில், பெயர் சொல்லாத 'அமெரிக்க விஞ்ஞானி' ஒருவரின் கடிதம் வந்தது. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஆய்வகத்தில் உருவாக்கியது என்றது அந்தக் கடிதம். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு சோவியத் வார இதழ் அந்த இந்தியப் பத்திரிகையையே ஆதாரமாகக் காட்டி எழுதியது. பிறகு மற்ற நாடுகளின் பத்திரிகைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டத் தொடங்கின. 1987க்குள் 80க்கும் மேற்பட்ட நாடுகளில், 30க்கும் மேற்பட்ட மொழிகளில் கதை சுற்றிவந்துவிட்டது. தொடக்கம் சோவியத் உளவுத்துறை. 1992இல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவே இதை ஒப்புக்கொண்டார். எண்பது நாட்டுப் பத்திரிகைகள் சொன்னாலும் ஆதாரம் ஒன்றுதான், அதுவும் பெயரில்லாத கடிதம். எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணுவதைவிட, எத்தனை பேர் நேரில் பார்த்துச் சொல்கிறார்கள் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் எண்ணிக்கை ஒன்றில் வந்து நிற்கும், சில சமயம் பூஜ்ஜியத்தில்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதற்கு ஆய்வகச் சான்றும் உண்டு. 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற மூவர், மாணவர்களிடம் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை பொது அறிவுக் கூற்றுகளைக் காட்டி, எது உண்மையாகத் தோன்றுகிறது என்று கேட்டார்கள். மறுபடி வந்த கூற்றுகள், பொய்யானவையும் சேர்த்து, ஒவ்வொரு முறையும் சற்று அதிக உண்மையாகத் தோன்றின. பழகிய முகத்தை நம்புவதுபோல் பழகிய வாக்கியத்தையும் மனம் நம்புகிறது. வேடிக்கை என்னவென்றால், 'ஒரு பொய்யை ஆயிரம் முறை சொன்னால் உண்மையாகிவிடும்' என்று கோயபல்ஸ் சொன்னதாக எல்லோரும் எழுதுகிறோம். அவர் அப்படிச் சொன்னதற்கு மூல ஆதாரம் எவரும் காட்டியதில்லை. ஆயிரம் முறை சொல்லப்பட்டது, அவ்வளவுதான்.

இதில் நம் மொழியில் உள்ள ஒரு கண்ணியைச் சொல்லியாக வேண்டும். தமிழில் 'ஆம்' என்ற ஓர் ஒட்டு இருக்கிறது. 'அவன் பணத்தை எடுத்தானாம்' என்றால், நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்று பொருள். இரண்டே எழுத்துகள் சேர்ந்து எவ்வளவு நேர்மையைச் சுமக்கின்றன! ஆனால் செய்தி இரண்டு வாய் தாண்டுவதற்குள் அந்த 'ஆம்' உதிர்ந்து 'எடுத்தான்' ஆகிவிடுகிறது. உளவியலாளர்கள் இதை வேறு வழியில் கண்டார்கள். கார்ல் ஹோவ்லண்டும் சகாக்களும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பிரசாரப் படம் காட்டி ஆராய்ந்தபோது, படத்தின் தாக்கம் சில கருத்துகளில் உடனே தெரிந்ததைவிட வாரங்கள் கழித்து அதிகமாகத் தெரிந்தது. சொன்னவர் நம்பத்தகாதவர் என்ற நினைவு மங்கிவிடுகிறது, சொன்ன சங்கதி மட்டும் தங்கிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. மனதுக்குள்ளும் 'ஆம்' உதிர்கிறது. 'இவன் சொல்வதை நான் நம்பவில்லை, சும்மா கேட்டுவைக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு தினமும் கேட்பவர் இதை யோசிக்க வேண்டும்.

சொற்களின் மாயம் இன்னும் ஆழமானது. ஒரே நிகழ்ச்சியை மூன்று விதமாக எழுதலாம். 'மோதலில் பத்துப் பேர் உயிரிழந்தனர்.' 'பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.' 'காவலர்கள் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றனர்.' மூன்றிலும் பொய் இல்லை. முதல் வாக்கியத்தில் சாவு மழைபோலத் தானாக வந்திருக்கிறது. இரண்டாவதில் கொலை இருக்கிறது, கொன்றவர் இல்லை. மூன்றாவதில்தான் எழுவாய் வருகிறது. நாளிதழ் படிக்கும்போது 'படு' என்ற துணைவினை வரும் இடங்களில் நின்று, செய்தவர் யார் என்று கேட்டுப் பழகுங்கள். நம் தரப்பு செய்தால் செயப்பாட்டுவினை, எதிர்த்தரப்பு செய்தால் செய்வினை என்ற ஒழுங்கு பல இடங்களில் தென்படும். 'கூறப்படுகிறது', 'பரவலாக நம்பப்படுகிறது' என்பவையும் இதே குடும்பம்.

பெயரிடுவது இதன் கொடிய முனை. ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1993இல் தொடங்கிய ஆர்டிஎல்எம் வானொலி நல்ல பாட்டும் நகைச்சுவையும் போட்டு இளைஞர்களை ஈர்த்தது. அதன் நடுவே சிறுபான்மையினரான துட்சி மக்களை 'இன்யென்சி', அதாவது கரப்பான்பூச்சிகள் என்றது. 1994இல் சுமார் நூறு நாட்களில் பல லட்சம் பேர் கொல்லப்பட்டபோது (இங்கே நானும் செயப்பாட்டுவினையில் எழுதிவிட்டேன், கொன்றவர்கள் பெரும்பான்மை இனமான ஹுட்டுக்களின் ஆயுதக் குழுக்களும் ராணுவத்தினரும் அவர்களோடு சேர்ந்த அண்டைவீட்டாரும்), அந்த வானொலி தேடப்படுபவர்களின் பெயர்களையும் அவர்கள் இருக்கும் இடங்களையும் அறிவித்துக்கொண்டிருந்தது. வானொலியை நிறுவியவர்களில் இருவரைச் சர்வதேசத் தீர்ப்பாயம் 2003இல் குற்றவாளிகள் என்றது. மனிதரைப் பூச்சி, நோய், களை, வெள்ளம் என்று எந்தத் தரப்பு அழைத்தாலும், பூச்சிக்கும் களைக்கும் வழக்கமாக என்ன செய்வோம் என்பதையும் சேர்த்தே அந்தச் சொல் சொல்லிக்கொடுக்கிறது.

எண்களும் இதற்கு விலக்கில்லை. 1981இல் ட்வெர்ஸ்கியும் கானமனும் வெளியிட்ட ஆய்வில், 600 பேரைக் கொல்லக்கூடிய கொள்ளைநோய்க்கு இரண்டு திட்டங்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்று 'நிச்சயம் 200 பேர் பிழைப்பார்கள்'. மற்றது ஒரு பகடையாட்டம். முதலாவதை 72 சதவீதத்தினர் தேர்ந்தார்கள். வேறொரு குழுவிடம் அதே திட்டத்தை 'நிச்சயம் 400 பேர் இறப்பார்கள்' என்று சொன்னபோது 22 சதவீதத்தினரே தேர்ந்தார்கள். கணக்கு மாறவில்லை. இதைவிட நான் கவனமாகப் பார்ப்பது கதை தொடங்கும் தேதியை. எந்தச் சண்டையையும் எதிராளி முதலில் அடித்த நாளிலிருந்து தொடங்கிச் சொல்ல முடியும். அதற்கு முந்தைய நாள் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் போதும், ஒரு பொய்யும் தேவையில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு 'அப்படியானால் எதையும் நம்ப முடியாது' என்று கை உதறுபவர்கள் உண்டு. அந்தக் கைஉதறலையே விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1950களில் வெளிவரத் தொடங்கியபோது, அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் நேரடியாக மறுத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. 1954 ஜனவரியில் நூற்றுக்கணக்கான நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை கொடுத்து, இன்னும் ஆராய வேண்டும், விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை என்றார்கள். பிற்பாடு வெளியான 1969ஆம் ஆண்டின் ஒரு நிறுவன உள்குறிப்பு, தங்களுடைய சரக்கே சந்தேகம்தான் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எல்லாவற்றையும் சந்தேகிப்பவரும் எல்லாவற்றையும் நம்புபவரும் பிரசாரகருக்கு ஒன்றுபோலவே பயன்படுகிறார்கள். இருவருமே சரிபார்ப்பதில்லை.

கூட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1951இல் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையில், எந்தக் கோடு மாதிரிக் கோட்டின் அதே நீளம் என்ற எளிய கேள்விக்கு, அறையிலிருந்த மற்றவர்கள் திட்டமிட்டுத் தவறான பதில் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களின் பதில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவற்றோடு ஒத்துப்போயிற்று. ஆனால் அறையில் வேறு ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னபோது அந்த இணக்கம் பெருமளவு குறைந்துவிட்டது. போலிக் கணக்குகளை ஆயிரக்கணக்கில் திறந்து ஒரே கருத்தைக் கூவவைப்பது ஏன் என்பதும், மாற்றுக்குரல் ஒன்றே ஒன்று எழுந்தாலும் அதன்மேல் ஏன் அத்தனை பேர் பாய்கிறார்கள் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

நடைமுறையில் என்ன செய்வது? ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும், செய்திகளைச் சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களையும் ஒரே இணையதளங்களின் முன் உட்காரவைத்தார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்து, அதன் அழகையும் அடிக்குறிப்புகளையும் பார்த்துப் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இந்தத் தளத்தை நடத்துபவர் யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியாகக் கண்டுபிடித்தார்கள். சந்தேகம் வந்தால் செய்தியை உற்று உற்றுப் படிக்காதீர்கள், வெளியே போங்கள் என்பதே நான் சொல்லக்கூடிய ஒரே தொழில்நுட்ப அறிவுரை. மற்றதெல்லாம் பொறுமை. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்கள்தான் என்றும் அந்த ஆய்வு சொன்னது.

அந்த மனிதர்களில் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போர் நடந்துகொண்டிருந்தபோது, இடிபாடுகளுக்கிடையே கிடந்த ஒரு குழந்தையின் படத்தை நான்கு வரி எழுதிப் பகிர்ந்தேன். எந்தத் தரப்பு குண்டு போட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் நண்பர் ஒருவர் அந்தப் படம் வேறொரு நாட்டில், பல ஆண்டுகளுக்கு முன் நிலநடுக்கத்தில் எடுத்தது என்று சுட்டிக்காட்டினார். உடனே நான் சொன்ன பதில் இன்றும் கூசுகிறது: "படம் தவறாக இருக்கலாம். அங்கே நடப்பது உண்மைதானே?"

உங்கள் மூன்றாவது கேள்வி அதுதான். 1915 மே மாதம், பிரிட்டன் அரசு நியமித்த பிரைஸ் குழு, பெல்ஜியத்தில் ஜெர்மானியப் படை செய்த கொடுமைகள் பற்றி அறிக்கை வெளியிட்டது. அந்தப் படை ஆயிரக்கணக்கான பொதுமக்களைக் கொன்றது உண்மை. ஆனால் பிரமாணம் இல்லாத, பெயர் குறிப்பிடாத சாட்சியங்களை வைத்து, உறுப்புகளை வெட்டியதாகவும் குழந்தைகளை ஈட்டிமுனையில் குத்தியதாகவும் கதைகள் சேர்ந்திருந்தன. 1917இல் ஜெர்மானியர் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கிறார்கள் என்ற செய்தி வேறு. போருக்குப் பின் இவை ஒவ்வொன்றாகச் சரிந்தன. பிணக் கதைக்கு அடிப்படையில்லை என்ற ஜெர்மனியின் மறுப்பை 1925இல் பிரிட்டன் வெளியுறவு அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 1942இல், யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தி போலந்திலிருந்து லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் வந்து சேர்ந்தது. அதைக் கையில் வாங்கிய அதிகாரிகளிலும் பத்திரிகையாளர்களிலும் பலர், போன போரில் கேட்ட கதைபோல இருக்கிறதே என்று ஒதுக்கிவைத்தார்கள்.